இரண்டாம் வகுப்புக்குச் சென்ற இயற்பியலர்

அறிவியல் கல்வி, கணிதக் கல்வி என்னும் இரண்டும் பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் துறைகளாகத் தலையெடுத்தது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். விகிதம், விசை, மாறி போன்ற ஒரு குறிப்பிட்ட கருத்து ஒரு குறிப்பிட்ட வயதுப் பிள்ளையின் மனத்தில் எப்படி உருவாகிறது, எங்கே தடுக்கி நிற்கிறது, அந்தத் தடையைக் கடக்க ஆசிரியர் எந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம் என்பனவற்றைக் கவனித்தும் பதிவு செய்தும் ஆராய்வது இத்துறைகளின் வேலை. ஆகவே இவை இயற்பியலோ கணிதமோ ஆகிவிடுவதில்லை, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான கற்பித்தல் முறையாகவும் நின்றுவிடுவதில்லை. இவற்றுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கார்ப்லஸ். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பித்தல் முறை என்னும் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய இக்கட்டுரையாளர் அவரை நேரில் கண்டதில்லை. நூலகத்தில் கிடைத்த சில கட்டுரைகளின் மங்கிய நகல்கள் வழியாகவே அவரை அறிந்தார். ஆயினும் பணிக்காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, வகுப்பறையில் நின்ற விதத்தையே மாற்றியவர் என்று சொல்லத்தக்கவராக முதலில் நினைவுக்கு வருபவர் அவரே.

கார்ப்லஸ் 1927இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் வியன்னா பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியர். மூன்று ஆண்டுகள் இளையவரான தம்பி மார்ட்டின் கார்ப்லஸ் பின்னாளில், 2013இல், வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தாயும் இரு சிறுவர்களும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றனர். வியன்னாவில் சிறைப்பட்ட தந்தை விடுவிக்கப்பட்டு வந்து சேர, அவ்வாண்டு அக்டோபரில் குடும்பம் கப்பலேறி நியூயார்க்கை அடைந்து பாஸ்டன் பகுதியில் குடியமர்ந்தது. பதினொரு வயதில் அயல்மொழியில் பள்ளிப்படிப்பைப் புதிதாகத் தொடங்கிய அந்தச் சிறுவனுக்கு வீட்டில் ஒரு வேதியியல் சோதனைப் பெட்டி வாங்கித் தந்தனர் என்றும், அதைக் கொண்டு அவர் கெட்ட நாற்றங்களையும் சிறு வெடிப்புகளையும் உண்டாக்கிக் கொண்டிருந்தார் என்றும் தம்பி எழுதி வைத்திருக்கிறார்.

ஹார்வர்டில் படித்து 1948இல், தம் 21ஆம் வயதில், முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த அவர், நார்மன் க்ரோல் என்பவருடன் இணைந்து ஒரு கடினமான கணக்கை மேற்கொண்டார். எலக்ட்ரான் ஒரு சிறு காந்தம்போல நடந்துகொள்கிறது. அந்தக் காந்தத்தின் வலிமையைக் காந்தத் திருப்புத்திறன் என்பர். பழைய கொள்கையின்படி சரியாக 1 என்று வரவேண்டிய ஓர் அளவு, சோதனையில் ஒன்றைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. ஒளியும் மின்னூட்டமும் ஒன்றன்மீது ஒன்று செயற்படுவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலைக் கொண்டு அந்தக் கூடுதலின் முதற் பகுதியை 1948இல் ஜூலியன் ஷ்விங்கர் கணக்கிட்டிருந்தார். அதற்கு அடுத்த, மிகமிகச் சிக்கலான பகுதியைக் கார்ப்லஸும் க்ரோலும் கணினியின் துணையின்றிக் கையாலேயே கணக்கிட்டு 1950இல் வெளியிட்டனர். அவர்களுக்குக் கிடைத்த மொத்த மதிப்பு 1.0011454. ஏழு ஆண்டுகள் கழித்து, 1957இல், பீட்டர்மன், சாமர்ஃபீல்ட் என்ற இருவர் தனித்தனியே அதைத் திரும்பக் கணக்கிட்டு, நெடுங்கணக்கின் இடையே பிழை நேர்ந்திருப்பதைக் கண்டறிந்தனர். திருத்திய மதிப்பு 1.0011596 ஆயிற்று. ஐந்தாம் தசம இடத்தில்தான் வேறுபாடு என்றாலும், அந்தத் துறையில் அது பெரிய வேறுபாடே. பிழையுற்றபோதும் அந்தக் கட்டுரை மதிப்பிழக்கவில்லை. அப்படியொரு கணக்கைச் செய்ய முடியும் என்று காட்டியது அதுவே. 1954இல் லட்டிஞ்சர் என்ற இயற்பியலருடன் சேர்ந்து அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, காந்தப் பொருள்களில் மின்னோட்டம் பக்கவாட்டில் விலகும் விளைவை விளக்கியது. அது பல பத்தாண்டுகளுக்குப் பின் இயற்பியலரின் கவனத்தைப் புதிதாகப் பெற்றது. அதே ஆண்டு அவர் பெர்க்லிக்கு வந்தார்.

இத்தகைய ஒருவர் தம் முப்பது வயதுகளின் தொடக்கத்தில், ஆய்வின் உச்சியில் இருந்தபோது, கோட்பாட்டு இயற்பியலைப் படிப்படியாக விட்டு விலகித் தொடக்கப்பள்ளிக் கல்விக்கு வந்தார். அவருக்கும் மனைவி எலிசபெத்துக்கும் ஏழு பிள்ளைகள். 1950களின் இறுதியில் இரண்டாம் வகுப்பில் படித்த மகளின் பள்ளிக்கு அவர் விம்ஷர்ஸ்ட் இயந்திரம் ஒன்றை எடுத்துச் சென்றார். அது கைப்பிடியைச் சுழற்றினால் இரு வட்டத் தகடுகள் எதிரெதிர்த் திசையில் சுழன்று நிலைமின்னைத் திரட்டி, இரு உலோகக் குண்டுகளுக்கிடையே சடசடவெனப் பொறி பறக்கச் செய்யும் கருவி. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், ஆசிரியை நன்றி சொன்னார், பேராசிரியரும் திரும்பினார். ஆனால் அந்தப் பொறியைக் கண்டு பிள்ளைகள் உண்மையில் எதைப் புரிந்துகொண்டார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. பள்ளிகளுக்கு வந்து வேடிக்கை காட்டிச் செல்லும் அறிவியலர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. திரும்பி வந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்பவர்கள் அரியர்; கேட்டபின் மீண்டும் அதே வகுப்புக்குச் செல்பவர்கள் அவர்களினும் அரியர். கார்ப்லஸ் மீண்டும் மீண்டும் சென்றார்.

1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதற்குப் பின் அமெரிக்க அரசு பள்ளி அறிவியலுக்குப் பெரும் பணம் ஒதுக்கியதும் அவருக்குத் துணை நின்றது. ஆனால் பணம் கிடைத்த எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. மற்றப் பேராசிரியர்கள் பாடநூலில் எந்த இயற்பியல் இடம்பெற வேண்டும் என்று விவாதித்துக் கொண்டிருக்க, கார்ப்லஸ் ஏழு வயதுப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, தாம் சொன்னது அவளுக்கு என்னவாகக் கேட்டது என்பதை ஆராய்ந்தார். தம் விளக்கங்கள் தெளிவாக இருந்தும் பிள்ளைகள் அவற்றைத் தம் பழைய எண்ணங்களின் வழியாகவே வாங்கிக்கொண்டனர் என்பதைக் கண்ட பின்னர், ஜெனீவாவில் ழான் பியாஜே நடத்திய ஆய்வு மையத்தை நாடினார். குழந்தையின் சிந்தனை பெரியவரின் சிந்தனையினுடைய சிறிய வடிவம் அன்று, அதற்கெனத் தனித் தர்க்கமும் படிநிலைகளும் உண்டு என்பது பியாஜேயின் கொள்கை. கையில் பிடித்தும் கண்ணால் கண்டும் பொருள்களைக் கொண்டு சிந்திக்கும் நிலை ஒன்று. எதிரே இல்லாதவற்றையும் நடக்கக்கூடிய எல்லா வாய்ப்புகளையும் மனத்துக்குள் நிறுத்திச் சிந்திக்கும் முறைசார் நிலை இன்னொன்று.

இந்த அனுபவங்களின் விளைவாக 1962இல் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் அட்கினுடன் அவர் எழுதிய கட்டுரை, கண்டுபிடிப்பதா, புனைந்துகொள்வதா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டது. பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது என்ற வாதம் அக்காலத்தில் வலுத்திருந்தது. கார்ப்லஸ் அதை ஏற்கவில்லை. காந்தத்தோடு விளையாடும் பிள்ளை, அது இரும்பை இழுக்கிறது, தாமிரத்தை இழுப்பதில்லை என்று தானே கண்டுகொள்ளும்; ஆனால் காந்தப்புலம் என்ற கருத்து எந்த மேசைமீதும் கிடப்பதில்லை, அது மனிதர்கள் புனைந்துகொண்ட கருத்து, ஆகவே அதைப் பிள்ளைக்குத் தந்துதான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம். எப்போது தருவது என்பதில்தான் அவருடைய நுட்பம் இருந்தது. முதலில் பிள்ளைகள் பொருளைக் கையாண்டு, பழைய எண்ணங்கள் போதவில்லை என்று உணரவேண்டும். பிறகு ஆசிரியர் புதுச் சொல்லையும் கருத்தையும் அறிமுகப்படுத்த வேண்டும். அதன்பின் பிள்ளைகள் அந்தக் கருத்தை வேறு இடங்களில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். தேடல், புனைவு, கண்டறிதல் என்று அவர் பெயரிட்ட இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்ததே கற்றல் சுழற்சி.

அச்சுழற்சி இயங்கிய விதத்தை அவர் உருவாக்கிய பாடத்திட்டத்தில் இருந்த ஒரு சுழலும் கருவியைக் கொண்டு காணலாம். நிறுத்திய தண்டின்மேல் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சுழலி. ரப்பர் வளையத்தை முறுக்கி விட்டால் அது சுற்றும். கைகளில் உள்ள துளைகளில் ஆணி போன்ற சிறு எடைகளைச் செருகலாம். பிள்ளைகளுக்கு முதலில் எதையும் சொல்லாமல் அதைக் கொடுத்துவிட, ஒருவனுக்கு அதிகச் சுற்றும் மற்றவனுக்குக் குறைந்த சுற்றும் கிடைக்க, உன் கருவி கெட்டது, என் கருவி நல்லது என்ற சண்டை தொடங்கும். அந்தச் சண்டை முற்றிய நேரத்தில்தான், எத்தனை முறுக்கு, எத்தனை எடை, எடை தண்டுக்கு அருகிலா கை நுனியிலா என்று சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றக்கூடியவை ஒவ்வொன்றுக்கும் மாறி என்று பெயர் என ஆசிரியர் சொல்வார். அதற்கு முன் சொல்லியிருந்தால் அது மனப்பாடச் சொல். அப்போது சொன்னதால் அது சண்டையைத் தீர்க்கும் கருவி.

இந்தக் கருத்தின் மீது எழுப்பப்பட்டதே 1962இல் தொடங்கிய அறிவியல் பாடத்திட்ட மேம்பாட்டு ஆய்வு என்னும் பெரும் திட்டம். ஹெர்பர்ட் தியருடன் இணைந்து அவர் நடத்திய அத்திட்டம், பருப்பொருள்கள், உயிரிகள், இடைவினையும் அமைப்புகளும், வாழ்க்கைச் சுழல்கள் என ஆறு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு அலகுகளையும், அவற்றுக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய பெட்டிகளையும் உருவாக்கியது. 1968இல் பெர்க்லி மலைச்சரிவில் திறக்கப்பட்ட லாரன்ஸ் அறிவியல் கூடம் அதன் இருப்பிடமாயிற்று. சார்பு இடமும் இயக்கமும் என்ற அலகில் வரும் மிஸ்டர் ஓ என்னும் அட்டைப் பொம்மையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. மிஸ்டர் ஓ உலகத்தைத் தன்னிடமிருந்து மட்டுமே பார்ப்பவர். பந்து எங்கே என்று கேட்டால், எனக்கு முன்னால், எனக்கு இடப்பக்கம் என்றுதான் சொல்வார். அவரைத் திருப்பி வைத்தால், அல்லது ஓடும் வண்டியில் உட்கார வைத்தால், அதே பந்துக்கு அவர் வேறு விடை சொல்வார். பார்ப்பவரைப் பொறுத்தே இடமும் இயக்கமும் அமைகின்றன என்ற, கலிலியோவிலிருந்து ஐன்ஸ்டைன் வரை நீண்ட கருத்து, எந்தச் சூத்திரமும் இல்லாமல் ஓர் அட்டைப் பொம்மையாக ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு வந்தது. குவாண்டம் மின்னியக்கவியலில் தோய்ந்த ஒருவரால்தான் அதில் எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்று இவ்வளவு துல்லியமாகத் தீர்மானித்திருக்க முடியும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

கணிதக் கல்வியில் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் நெட்டையன், குட்டையன் கணக்கு. குட்டையன் என்னும் உருவத்தின் உயரம் நான்கு பொத்தான்கள். நெட்டையனின் உயரம் அதே பொத்தான்களால் ஆறு. பிள்ளைகளிடம் குட்டையனின் படம் மட்டும் தரப்படும். அதை அவர்கள் கோத்த ஜெம் கிளிப்புகளால் அளந்தால் ஆறு கிளிப் உயரம் இருக்கும். அப்படியானால் நெட்டையன் எத்தனை கிளிப் உயரம், அந்த விடை எப்படி வந்தது என்பதே கேள்வி. விகிதசமத்தில் சிந்திப்பவர் ஒன்பது என்பார். மிகப் பலர் எட்டு என்பர். பொத்தானில் இரண்டு கூடியதால் கிளிப்பிலும் இரண்டு கூடும் என்பது அவர்களுடைய காரணம். இதைக் கூட்டல் முறைச் சிந்தனை என்று பெயரிட்ட கார்ப்லஸ், விடையைவிடக் காரணத்தையே முதன்மையாக வகைப்படுத்தினார். ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய விளக்கத்தை அப்படியே சேர்த்து, ஓர் இயற்பியலர் தம் அளவீடுகளை நோக்குவதுபோல நோக்கினார்.

இந்தக் கணக்கைப் படித்த சில வாரங்களில் இக்கட்டுரையாளர் தையற்கடையில் பெரிய பொத்தான்களையும் ஒரு பெட்டி ஜெம் கிளிப்பையும் வாங்கி, சார்ட் தாளில் குட்டையனை வரைந்து, பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்தச் சென்றிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றார். வகுப்பில் பெரும்பாலோர் எட்டு என்றே எழுதினர். “ரெண்டு பொத்தான் கூட சார், அதனால ரெண்டு கிளிப் கூட” என்று முதல் வரிசை மாணவி எழுந்து நின்று சொன்னதில் சிறு தயக்கமும் இல்லை. ஒன்பது என்று எழுதியவர்களும் இருந்தனர். பாடப்புத்தகம் கற்பித்த குறுக்குப் பெருக்கலால் அவர்கள் அந்த விடையைப் பெற்றிருந்தனர். ஆனால் நான்கை ஆறால் வகுத்தாலோ ஆறை நான்கால் வகுத்தாலோ வரும் எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது அவர்களும் வாயடைத்து நின்றனர். அதுவரை அதே குறுக்குப் பெருக்கலையே பயிற்சி மாணவர்களுக்குப் பாடக்குறிப்பில் எழுதச் சொல்லி வந்தவர் இக்கட்டுரையாளர் என்பதால், அந்த மௌனத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. பயிற்சி ஆசிரியை ஒருவர் கரும்பலகைக்கு விரைந்து சரியான விடையை எழுதப் போனபோது அவரைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. எட்டு என்ற மாணவி படத்தின் அருகே வந்து, கிளிப் சங்கிலியைப் பொத்தான் வரிசைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். முதற் பொத்தானின் விளிம்பு ஒரு கிளிப்பின் நடுவில் வந்து நின்றது. “ஒரு பொத்தானுக்கு ஒன்றரை கிளிப் சார்” என்று அவள் சொன்ன பிறகு மற்றவற்றைச் சொல்லவேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை.

மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து கார்ப்லஸ் உருவாக்கிய தீவுப் புதிர் இதே நோக்கத்தைத் தர்க்கத்தில் நிறைவேற்றியது. அவரை, பறவை, மீன், நத்தை என்று நான்கு தீவுகள். சில தீவுகளுக்கிடையே விமானத்தில், வேண்டுமானால் இடையில் இறங்கி ஏறியும், செல்லலாம். அவரைத் தீவுக்கும் மீன் தீவுக்கும் இடையே செல்லலாம். பறவைத் தீவுக்கும் நத்தைத் தீவுக்கும் இடையே எவ்வழியிலும் செல்ல முடியாது. இவ்வளவு மட்டும் தெரிந்த நிலையில் அவரையிலிருந்து பறவைக்குச் செல்லலாமா என்றால், போதிய குறிப்பு இல்லை என்பதே விடை. அவரைக்கும் பறவைக்கும் இடையே செல்லலாம் என்ற மூன்றாம் குறிப்பு வந்தபின், மீனிலிருந்து நத்தைக்குச் செல்லலாமா என்ற வினா எழும். செல்லலாம் என்று வைத்துக்கொண்டால், பறவையிலிருந்து அவரை, அவரையிலிருந்து மீன், மீனிலிருந்து நத்தை என்று ஒரு வழி பிறந்துவிடும். அது இரண்டாம் குறிப்புக்கு முரண் என்பதால் செல்ல முடியாது. ஒன்றை உண்மையென்று வைத்துக்கொண்டு அதன் விளைவைத் துரத்திச் சென்று முரணைக் கண்டு திரும்பும் இந்தச் சிந்தனை, பெரியவர்களிடமும் எளிதில் அமைவதில்லை. புதிரைப் பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் ஆசிரியர்களுக்கும் தந்ததால் கார்ப்லஸ் அதை நேரடியாக அறிந்திருந்தார்.

அந்த அறிவே 1970களில் அவரைக் கல்லூரி ஆசிரியர்களிடம் கொண்டு சென்றது. கல்லூரிக்கு வரும் மாணவர் அனைவரும் முறைசார் சிந்தனையோடு வருகின்றனர் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பாடநூல்கள் ஏன் பலருக்கு எட்டாமல் நிற்கின்றன என்பதை விளக்க, அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்தில் 1975இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய பயிலரங்குகள், பேராசிரியர்களை முதலில் இத்தகைய புதிர்களுக்கு விடை எழுத வைத்தன. அவற்றில் பங்கெடுத்த ராபர்ட் ஃபுல்லர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கெனக் கற்றல் சுழற்சியில் அமைந்த ஒரு திட்டத்தை நடத்தினார். கார்ப்லஸின் கட்டுரைகளைத் தொகுத்து 2002இல் நூலாக்கியவரும் அவரே. அதே 1970களில் கார்ப்லஸ் ஆஸ்திரியா, ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் பதின்பருவ மாணவர்களிடம் விகிதசமச் சிந்தனையையும் மாறிகளைக் கட்டுப்படுத்தும் திறனையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சிறுவயதில் தம்மை வெளியேற்றிய நாடும் அப்பட்டியலில் இருந்தது.

கற்றல் சுழற்சி இன்று வேறு பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. 1980களில் உயிரியல் பாடத்திட்டக் குழு ஒன்று அதை ஐந்து கட்டங்களாக விரித்து அமைத்த 5ஈ முறை, இந்தியாவில் பி.எட். மாணவர் எழுதும் பாடத்திட்டங்களிலும் இடம்பிடித்துவிட்டது. ஐந்து கட்டங்களுக்கு ஐந்து பத்திகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் நான்கு வரி நிரப்பி, மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்கும் வழக்கத்தை ஆண்டுதோறும் பார்த்த இக்கட்டுரையாளருக்கு, மூலத்தில் மூன்றாக இருந்தவை ஐந்தானதில் வருத்தம் இல்லை. தேடல் என்ற பத்தியிலேயே விடையையும் எழுதிவிடும் பழக்கம்தான் வருத்தியது. பிள்ளை தடுமாறுவதற்கு இடம் விடாத பாடத்தில் சுழற்சி என்ற பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

கார்ப்லஸ் தம் முடிவுகளையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அல்லர். தொடக்கத்தில் விகிதசமச் சிந்தனையைப் பியாஜேயின் படிநிலை ஒன்றை எட்டியதற்கான அடையாளமாகக் கண்ட அவர், ஸ்டீவன் புலோஸ், எலிசபெத் ஸ்டேஜ் ஆகியோருடன் செய்த பிற்கால ஆய்வுகளில், அதே பிள்ளை எண்கள் எளிதாக வகுபடும் கணக்கில் விகிதத்தையும், வகுபடாத கணக்கில் கூட்டலையும் கையாள்வதைக் கண்டார். ஒரு பிள்ளையை இந்த நிலையினர் என்று முத்திரை குத்துவது கடினம், கணக்கின் எண்களும் சூழலும் அந்தச் சிந்தனையை வரவழைக்கவோ தடுக்கவோ செய்கின்றன என்ற இந்த முடிவு, அவருடைய முந்தைய கருத்தைப் பெரிதும் திருத்தியது. எர்ஸ்டெட் பதக்கம் என்னும் இயற்பியல் கற்பித்தலுக்கான உயரிய விருதையும் அவர் பெற்றிருந்த காலம் அது.

1982 ஜூனில் சியாட்டில் நகரின் கிரீன் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய இதயம் நின்றது. உயிர் காப்பாற்றப்பட்டாலும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் அவரால் மீண்டும் பணிக்குத் திரும்ப இயலவில்லை. அப்போது வயது 55. அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1990இல் மறைந்தார். அவர் எழுத இயலாமற்போன பின்னர், 1983இல், அவர் பெயர் முதலாவதாக இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரைகள் கணிதக் கல்வி வெளியீடுகளில் வந்தன. வளரிளம் பிள்ளைகளின் விகிதசமச் சிந்தனையைப் பற்றிய அந்த ஆய்வுகளுக்காக எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் வெவ்வேறு அளவில் கலந்த இரண்டு பானங்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது. அவர்கள் சொன்ன விடையோடு, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டபோது சொன்ன காரணமும் சேர்த்தே குறித்துக்கொள்ளப்பட்டிருந்தது.